மின்னல் அந்தோணியின் கள்ளு நடை

1. வாளி

“உனக்கு என்னாய்யா தெரியும்?”

“ரத்தத்த நிறுத்தத் தெரியும்.”

“குத்தத் தெரியுமா?”

“தெரியாது. வாங்கத் தெரியும்.”

குத்துச்சண்டைக் கொட்டகை முதலாளி சிரித்துவிட்டு, மூலையில் கிடந்த தகர வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினார். என் உத்தியோக நியமனம் அவ்வளவுதான். வாளியில் ஓர் ஓட்டை இருந்தது. தார் வைத்து அடைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே வேலைக்கு இறங்கினேன்.

இது முப்பதுகளில். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம். அதற்கு முன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். காய்ச்சல் வந்ததும் துரத்திவிட்டார்கள். கொழும்பில் ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்கு முளை அடித்தேன், கூடாரம் எரிந்துபோனது. எரிவதற்கு முன் அந்த சர்க்கஸில் குத்துச்சண்டைக் காட்சி ஒன்று இருந்தது. அடிபட்டவர்களைத் துடைத்துவிடும் ஆள் ஒருநாள் சொல்லாமல் ஓடிப்போனான், அவன் வேலை எனக்கு வந்தது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேலைகள் இப்படித்தான் கிடைக்கும். முன்னால் இருந்தவன் ஓடிப்போக வேண்டும்.

சண்டைக்காரனுக்குத் துணையாக ரிங்கின் மூலையில், அதாவது கார்னரில், நிற்கிற ஆளுக்கு செகண்ட் என்று பெயர். செகண்ட் என்றால் தண்ணீர் கொடுக்கிறவன் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவே ஒரு நிமிஷம் இருக்கிறது. அந்த நிமிஷம் செகண்டுடையது. ஆள் கார்னருக்கு வந்ததும் ஸ்டூல் போட வேண்டும். அரைக்கச்சையை முன்னால் இழுத்துப் பிடித்தால் வயிறு நிறைய மூச்சு போகும். வாயிலிருக்கும் ரப்பரை எடுத்துக் கழுவ வேண்டும். தோல் கிழிந்திருந்தால் படிகாரத் தண்ணீரில் நனைத்த துணியை வைத்து அழுத்தி, மேலே வாஸ்லின் தடவ வேண்டும். பேச்சு கடைசிப் பத்து விநாடிக்குத்தான். நிமிஷம் முழுக்கப் புத்தி சொல்கிற செகண்டுக்கு வேலை தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தோளில் கிடக்கும் துண்டு. தன் ஆள் இனித் தாங்க மாட்டான் என்று செகண்டுக்குத் தோன்றினால் துண்டை ரிங்குக்குள் வீசலாம். ரெஃப்ரி சண்டையை நிறுத்திவிடுவார். உலகம் முழுக்க இதுதான் சட்டம். எங்கள் கொட்டகையில் வேறு சட்டம். துண்டை வீசிய செகண்ட் மறுநாள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

2. மெர்சி, முசியே

எனக்குக் கொடுக்கப்பட்ட ஆள் அரியாங்குப்பத்து அந்தோணி. போஸ்டரில் ‘மின்னல்’ அந்தோணி. இடது கையை நேராக நீட்டி விடும் அவனுடைய லெஃப்ட் ஜாப் மெய்யாகவே மின்னல்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் அதைப் பார்க்க வரவில்லை. அவனுடைய கோமாளித்தனத்தைப் பார்க்க வந்தார்கள்.

அந்தோணி சிறு வயதில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் மேஜை வேலை பார்த்தவன். குனிந்து வணங்குவது, தட்டு நீட்டுவது, நாப்கினைக் கையில் போட்டுக்கொள்வது எல்லாம் அங்கே கற்றது. அத்தனையையும் ரிங்குக்குள் கொண்டுவந்தான். அவன் மனைவி மேரி தைத்துக் கொடுத்த ரோஸ் நிற சாட்டின் அங்கியோடு ஏறுவான். எதிராளி ஒரு குத்து விட்டதும், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து, “மெர்சி, முசியே!” என்று பிரெஞ்சில் நன்றி சொல்வான். தரை டிக்கெட் ஜனங்கள் மண்ணில் புரண்டு சிரிப்பார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று வைத்திருந்தான். கள்ளு நடை. நன்றாக அடிபட்டவன்போல முழங்காலை மடக்கி, கண்ணைச் செருகி, கள்ளுக்கடையிலிருந்து வெளியே வருகிறவனைப்போல இந்தக் கயிற்றுக்கும் அந்தக் கயிற்றுக்கும் தள்ளாடுவான். ஆள் ஒழிந்தான் என்று எதிராளி பாய்ந்து வருவான். அந்தோணியின் வலது கை கீழேயிருந்து புறப்படும். அப்படி விழுந்தவர்கள் பலரை நானே தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறேன்.

ஒரு தந்திரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கள்ளு நடை வந்தால் கிட்டே போகாதே என்பது எல்லாக் கார்னரிலும் பாடமாகிவிட்டது. எதிராளி விலகி நின்றுவிடுவான், அந்தோணி தள்ளாடிக்கொண்டே இருப்பான், ஜனங்கள் “கள்ளு! கள்ளு!” என்று தாளம் போடுவார்கள். அரை ரவுண்டு அதிலேயே ஓடிவிடும்.

கையைத் தொங்கவிட்டு முகத்தை நீட்டிக் காட்டுவதை தைரியம் என்று எழுதுகிறார்கள், படித்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்திருக்கலாம். பெரும்பாலும் அது சோம்பல். கையைத் தூக்கி வைத்திருந்தால் தோள் வலிக்கும், கீழே விட்டால் வலிக்காது. விடியற்காலையில் ரோட்டில் ஓடாதவன்தான் மூன்றாவது ரவுண்டில் டான்ஸ் ஆடுவான், மூச்சு வாங்குவதை மறைக்க. அந்தோணியை விடியற்காலையில் எழுப்ப நான் ஆறு மாதம் முயன்று விட்டுவிட்டேன்.

“ஓடி என்னாண்ணே ஆவப்போவுது? ஜனம் சிரிக்குதா இல்லியா, அதச் சொல்லு” என்பான்.

3. மன உறுதி

மேரி ஒரு சனிக்கிழமை கொட்டகைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வெளியே மாட்டுவண்டி நிழலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இவுரு ஒரு மாசமா சரியில்ல. தலய வலிக்குதுன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாரு. கோயில் மணி அடிச்சா காதப் பொத்திக்கிறாரு. நேத்து சட்டப் பொத்தான் போடத் தெரியாம முழிச்சிக்கினு நின்னாரு. நாளைக்கு சண்ட வேணாம்னு நீங்க சொன்னா கேப்பாரு.”

“கேக்கிறேம்மா” என்றேன். சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அப்போது எனக்குப் படவில்லை.

அந்தோணியிடம் போய்க் கேட்டேன். “தலவலி இருக்காமே? நாளைக்கு ஏறுவியா?”

“ஏறுறேண்ணே. அவ சும்மா பயப்படுவா.”

“ஆஸ்பத்திரில காட்டிட்டு, அடுத்த மாசம்...”

“என்னாண்ணே நீ? மில்லுக்காரனப் பாத்து மின்னல் ஓடிட்டான்னு ஊரே சொல்லணுமா?”

முதலாளிக்குக் காது நீளம். அங்கேயே வந்துவிட்டார். குத்துச்சண்டை பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை: மன உறுதி. வாந்தி எடுப்பவனிடமும் சொல்வார், விலா எலும்பு உடைந்தவனிடமும் சொல்வார். அவரை வாழ்நாளில் அடித்தது அவர் சம்சாரம் மட்டும்தான் என்று கொட்டகையில் பேச்சு உண்டு. அந்த அம்மாளிடம் அவர் மன உறுதி காட்டியதாகத் தகவல் இல்லை.

“தலவலியா? மனுசனுக்கு மன உறுதி வேணும்யா! உடம்பு என்னா உடம்பு, அது வேலக்காரன். மனசு எசமான்!” என்று தன் தொப்பை குலுங்கப் பேசினார். “அடுத்த மாசம் கப்பல்ல வேல பாக்குற குத்துச்சண்டக்காரன் ஒருத்தனோட அந்தோணிய விடறேன். போஸ்டர் அச்சாவுது. நாளைக்கு இந்த மில்லு மாட்ட மேய்ச்சுட்டு வா.”

அவர் மாடு என்றது மறுநாள் எதிராளியான முனுசாமியை. உழவர்கரையிலிருந்து வந்து மில்லில் தறி ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு கொட்டகைக்கு வருவான், ஓரமாக நின்று ஒரு மணிநேரம் மணல் மூட்டையைக் குத்துவான், போய்விடுவான். அவன் பேசி நான் கேட்டதில்லை. ரிங்கில் முன்னால் வருவது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். அடித்தாலும் வருவான், விழுந்தாலும் எழுந்து வருவான். கைதட்டல் வாங்கியதே கிடையாது. பார்க்க அலுப்பாக இருக்கும், உண்மையைச் சொன்னால்.

4. மூன்றாவது ரவுண்டு

ஞாயிறு மாலை நான்கு மணி. ரெட்டியார்பாளையம் போகும் ரோட்டோரம் இருந்த எங்கள் தகரக் கொட்டகை நிறைந்துவிட்டது. ரெஃப்ரி ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். விழுந்தவனுக்குப் பத்து வரை அவர் பிரெஞ்சில்தான் எண்ணுவார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்காகக் கூடவே விரலையும் விரித்துக் காட்டுவார்.

முதல் இரண்டு ரவுண்டும் வழக்கம்போலப் போயின. அந்தோணி ஜாப் விட்டான், குனிந்தான், மெர்சி சொன்னான். முனுசாமியின் உதடு கிழிந்தது. அவன் முன்னால் வந்துகொண்டே இருந்தான்.

மூன்றாவது ரவுண்டின் நடுவில் அந்தோணி கையைத் தொங்கவிட்டு முகத்தை நீட்டினான். முனுசாமியின் வலது கை அவன் இடது காதுக்குக் கீழே இறங்கியது. பெரிய குத்து ஒன்றுமில்லை. சத்தம்கூட வரவில்லை. அந்தோணியின் முழங்கால் மடிந்தது, கண் செருகியது, ஒரு பக்கக் கயிற்றில் போய் மோதி அடுத்த பக்கம் போனான்.

“கள்ளு! கள்ளு!” என்று கொட்டகை எழுந்தது.

முனுசாமி இரண்டடி பின்னால் போய் நின்றுவிட்டான். அவனுக்கும் அந்தப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்தா இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரி விசிறியால் வாயை மறைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தம் இல்லை.

அந்தோணி தள்ளாடிக்கொண்டே கார்னர் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். எங்கள் கார்னர் இல்லை, எதிராளியின் கார்னர். கொட்டகை மேலும் சிரித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை அவன் இதுவரை செய்ததில்லை. அந்தோணி தன் வித்தையில் புதிதாக எதையும் சேர்க்கிறவன் இல்லை, அதற்குக்கூட சோம்பல்.

பெல் அடித்தது. நானே ரிங்குக்குள் ஓடி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காரவைத்தேன்.

“அந்தோணி, என்னப் பாரு. உம் பொண்டாட்டி பேரு என்னா?”

“நல்லா இருக்கா.”

“பேரச் சொல்லுடா.”

அவன் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தான். “ஜனம் சிரிச்சுதா?” என்றான்.

ஒரு கண்ணின் மணி விரிந்திருந்தது, மற்றது சின்னதாக இருந்தது. கொழும்பில் ஒருவனுக்கு இப்படிப் பார்த்திருக்கிறேன். அவனை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

துண்டை எடுத்தேன். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. முதலாளி.

“என்னாய்யா செய்யிற?”

“இவன் போயிட்டான் முதலாளி. நிறுத்தணும்.”

“நடிக்கிறான்யா! உனக்கே தெரியலியா? கள்ளு நடைக்குத் துண்டு வீசுன மொத ஆளு நீயாத்தான் இருப்ப. ஊரே காறித் துப்பும்.” அப்புறம் அந்தோணியின் காதருகே குனிந்து, “மன உறுதிடா, சிங்கம்! இன்னும் மூணே ரவுண்டு. போறியா?”

“போறேன்” என்றான் அந்தோணி. தெளிவாகத்தான் சொன்னான்.

என் மனசில் ஓடியது இதுதான்: ஒருவேளை முதலாளி சொல்வது சரியோ? நடிப்பாக இருந்தால்? அவனே போறேன் என்கிறானே? மேரி சொன்னது ஞாபகம் வந்தது. நாளைக்கு வேறு வேலை தேட வேண்டுமே என்பதும் வந்தது. இவ்வளவும் யோசித்து முடிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது. அவன் எழுந்துபோனான். துண்டு என் கையில் இருந்தது.

நடு ரிங்கில் அந்தோணி கைகளைத் தொங்கவிட்டு நின்றான். முனுசாமி வழக்கம்போல முன்னால் வந்தான். ஒரு கை தூரத்தில் நின்றான். அந்தோணியின் முகத்தையே பார்த்தான். பிறகு தன் இரண்டு கையையும் கீழே இறக்கினான்.

“பாக்ஸ்!” என்று குத்தச் சொல்லி அதட்டினார் சொல்தா.

முனுசாமி அசையவில்லை. “ஆவாதுங்க.”

“என்னா ஆவாது?”

“இந்த ஆளு இங்க இல்லீங்க. பாருங்க.”

“நீ டாக்டரா? குத்து. இல்லன்னா கீழ எறங்கு.”

“எறங்கிக்கிறேன்” என்றான் முனுசாமி. கயிற்றுக்கு நடுவே புகுந்து இறங்கினான்.

கொட்டகை வெடித்தது. “மில்லு மாடு பயந்துடுச்சு!” “கள்ளு நடையப் பாத்தே மாடு ஓடுதுடோய்!” மண்ணை வாரி அவன்மேல் எறிந்தார்கள். ஒருத்தன் சோடா பாட்டிலை எறிந்தான், அது அவன் முதுகில் பட்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.

சொல்தா அந்தோணியின் கையைத் தூக்கிப் பிடித்தார். ஜெயித்தது மின்னல் அந்தோணி. அவன் இடுப்பு வரை குனிந்து வணங்கினான். நாற்காலி வரிசை இருந்த பக்கம் இல்லை. யாரும் இல்லாத தகரச் சுவரைப் பார்த்து.

முதலாளி மேளக்காரர்களைக் கூப்பிட்டார். நான்கு பேர் அந்தோணியைத் தோளில் தூக்கினார்கள். அவர்கள் ரிங்கை ஒரு சுற்று சுற்றுவதற்குள் அந்தோணி, தூக்கியவர்களில் ஒருவன் தலையிலேயே வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது.

அப்போதும் முதலாளி, “அசதிதான். சோடா குடு” என்றார். அவர்மேல் ஒரு குத்து விட்டு ஸ்டூல்மேல் தள்ளினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் அடித்த ஒரே ஆள் அவர்தான், அதுவும் சரியாகப் படவில்லை.

வெளியே முனுசாமி ஒரு புஷ்-புஷ் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து ஆள் தள்ளும் வண்டி. அப்போது எங்கள் ஊரில் அதுதான் வாகனம். கையில் சுற்றிய துணியைக்கூட அவன் இன்னும் அவிழ்க்கவில்லை.

“ஏத்துங்கண்ணே” என்றான். வண்டிக்காரரோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவனும் தள்ளினான்.

5. அப்புறம்

அந்தோணி நாலு நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தான். டாக்டர் சொன்னார், ஓர் அடி அதிகமாகப் பட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வேலை இருந்திருக்காது என்று.

மேரி என்னைத் திட்டவில்லை. “உங்ககிட்டதானே சொன்னேன்” என்றாள், ஒருமுறை. பிறகு என்னிடம் பேசவே இல்லை.

அந்தோணிக்கு ஒரு பக்க முகம் அசையாமல் போனது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் சொன்னது: “சும்மா ஆடுனேன். அவன் நம்பிட்டான்.” அவன் பொய் சொல்லவில்லை. அந்த ரவுண்டு அவன் தலையில் பதியவே இல்லை. பார்த்தவர்கள் சொன்னதை வைத்து அவனே கதை கட்டிக்கொண்டான். நான் திருத்தவில்லை. மேரி எழுந்து வெளியே போய்விடுவாள்.

கப்பல்காரனோடு மோத முதலாளி வேறு ஒருவனைப் பிடித்தார். போஸ்டரில் மின்னல் என்ற பட்டம் அப்படியே இருந்தது, பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தார்கள்.

முனுசாமியை யாரும் அதற்குப் பிறகு ரிங்கில் ஏற்றவில்லை. மில்லில்கூட அவனைக் கண்டால் முழங்காலை மடக்கித் தள்ளாடிக் காட்டினார்களாம். வேலை போய் நான் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் மில் வாசலில் காத்திருந்து அவனைப் பார்த்தேன்.

“உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது? கூட இருந்த எனக்கே சந்தேகமா இருந்துது.”

அவன் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டான். “நூலு அறுந்தாலும் தறி ஓடிக்கினுதாண்ணே இருக்கும். சத்தமெல்லாம் சரியாத்தான் கேக்கும். துணியப் பாத்தாதான் தெரியும்.”

“உன்ன எல்லாரும் கோழைன்றாங்க.”

“சொல்லட்டும். அடிக்கிற கை என்னுதுதானே?” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான்.

போராட்ட குணம் என்று மேடையில் பேசுகிறார்கள். விழுந்து எழுவதைத்தான் காட்டுகிறார்கள். ஒரு கொட்டகை நிறைய ஜனம் காறித் துப்பும்போது ஒருவன் கயிற்றுக்கு நடுவே புகுந்து கீழே இறங்கியதை நான் ஒருமுறைதான் பார்த்தேன். அதற்கு யாரும் மாலை போடவில்லை.

அதற்குப் பிறகு மதராஸிலும் பம்பாயிலும் பல வருஷம் செகண்டாக இருந்தேன். துண்டு வீசியிருக்கிறேன், பல தடவை. சில தடவை அவசரப்பட்டும் வீசினேன். அதற்காக ஜனங்களிடம் செருப்படி வாங்கியிருக்கிறேன். யாரைக் காப்பாற்றினேனோ அவனே என் தாடையில் குத்தியதும் உண்டு. வேலை போனதற்குக் கணக்கில்லை. அடுத்த ஊரில் முன்னால் இருந்தவன் ஓடிப்போயிருப்பான், எனக்கு இடம் கிடைத்துவிடும்.

கார்னரில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவனிடம், “இன்னும் ஒரு ரவுண்டு போறியா?” என்று கேட்காதீர்கள். போறேன் என்றுதான் சொல்வான். தலை உடைந்தவனும் சொல்வான், பெண்டாட்டி பேரை மறந்தவனும் சொல்வான். போறேன் என்பது அவன் தொழில். வேண்டாம் என்பது உங்கள் தொழில்.